மேசைமேல் ஓர் அஞ்சறைப் பெட்டி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நீங்கள் அன்றாடம் அமர்ந்து படிக்கும் மேசையையும், அதன்மேல் பேனாவும் தாளும் சிதறாமல் இருக்க நாம் வைக்கும் கூடு, தட்டு, பெட்டி முதலியவற்றையும் பற்றியதே இப்பேச்சு. "இதற்குமா ஒரு பேச்சு?" என்று உங்களுள் சிலர் முறுவலிக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த அலட்சியத்திற்குரிய விலை சிறிதன்று. அதைவிட வருந்தத் தக்கது, அந்த விலையை எனக்காக வேறொருவன் கொடுக்க நேர்ந்ததுதான். அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள்தோறும் படிக்க உட்காரும்போது, பேனாவைத் தேட இரண்டு நிமிடம், அடிக்கோலைத் தேட மூன்று நிமிடம், நேற்று எழுதிய தாளைத் தேட ஐந்து நிமிடம் என்று பத்து நிமிடங்கள் போவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டில் 200 நாள் படித்தால் 2,000 நிமிடங்கள். அதாவது 33 மணி 20 நிமிடங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் படிக்கும் ஒரு மாணவனுக்கு இது பதினொரு நாள் படிப்பாகும். தேர்வுக்கு முன்னர்ப் பதினொரு நாள் கூடுதலாகக் கிடைக்காதா என்று ஏங்காத மாணவர் உண்டோ? அந்த நாட்களை நாமே மேசைக்கு அடியில் குனிந்து தேடித் தொலைத்துவிடுகிறோம்.

தொலைவது நேரம் மட்டும் அன்று. படிக்கத் தொடங்கிய மனம் ஒரு பொருளைத் தேட எழுந்து போனால், பொருள் கிடைத்த பின்னும் அது உடனே திரும்பி வருவதில்லை. தேடிய இடத்தில் ஒரு பழைய கதைப் புத்தகம் அகப்படும்; அதனைப் புரட்டுவோம். அதற்குள் ஒரு புகைப்படம் இருக்கும்; அதனை அக்காவிடம் காட்டப் போவோம். விட்ட கணக்கு விட்ட இடத்திலேயே கிடக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1987ஆம் ஆண்டு. நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியனாக இருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வகுப்பறை ஒழுங்கைப் பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது. என் சொந்த மேசையின் நிலையோ வேறு. விடைத்தாள் கட்டுகள், வருகைப் பதிவேடு, சாக்பீசுப் பெட்டி, பாதி எழுதிய பாடக் குறிப்பு, மை தீர்ந்த பேனாக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். "எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்று உடன் பணியாற்றிய ஆசிரியர்களிடம் பெருமை பேசுவேன்.

ஒரு நாள் மாணவன் ஒருவன் படிப்புதவித் தொகைக்கான விண்ணப்பத்தைக் கொண்டு வந்தான். அவன் தந்தை கூலி வேலை செய்பவர். விண்ணப்பத்துடன் வருமானச் சான்றிதழும் இணைக்கப்பட்டிருந்தது. அதனை வாங்குவதற்காக அவர் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். "மேசைமேல் வைத்துவிட்டுப் போ, தம்பி. தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கி நானே அனுப்பிவிடுகிறேன்" என்றேன். அவனும் நம்பி வைத்துவிட்டுப் போனான். அன்று பிற்பகல் காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் வந்தன. அவற்றை அதன்மேல் வைத்தேன். மறுநாள் வேறொரு கட்டு. அதற்கு மறுநாள் வேறொன்று.

விடைத்தாள்களைத் திருத்தி முடித்துக் கட்டுகளைப் பிரித்தபோது, இரண்டு கட்டுகளுக்கு நடுவில் அந்த விண்ணப்பம் கசங்காமல், மடியாமல், வைத்தது வைத்தபடியே இருந்தது. கடைசி நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பதைபதைத்து ஓடினேன், கெஞ்சினேன். காலம் கடந்தது கடந்ததுதான்.

அன்று மாலை அவன் வீட்டிற்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவன் தந்தை, "விடுங்க ஐயா, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று என்னைத் தேற்றினார். அவர் இரண்டு சொல் கடிந்து பேசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அந்த மாணவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அடுத்த வருஷம் நானே நேரா ஆபீசுல கொண்டுபோய்க் குடுக்கலாமா சார்?" என்று மிகவும் பணிவாகக் கேட்டான். அந்த ஆண்டு அவனுக்குத் தேவைப்பட்ட பணத்தை என்னால் இயன்ற அளவு கொடுத்து உதவினேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவன் இழந்தது பணத்தை மட்டும் அன்று. என் மேசையின்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் அவன் இழந்துவிட்டான்.

மனம் வருந்தியவன் உடனே என்ன செய்வான்? கடைக்குப் போவான். நானும் அதனையே செய்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு தச்சரிடம் சொல்லி இருபத்து நான்கு அறைகள் கொண்ட ஓர் அழகிய மரப்பெட்டியைச் செய்வித்து மேசைமேல் வைத்தேன். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். ஒரு மாதம் கழிந்தது. இருபத்து நான்கு அறைகளும் நிரம்பிவிட்டன. எந்த அறையில் எது இருக்கிறது என்பது எனக்கே தெரியவில்லை. முன்பு தரையில் படுத்திருந்த குப்பை, இப்போது மாடி வீட்டில் குடியேறியிருந்தது, வேறுபாடு அவ்வளவுதான்!

இந்தத் தவற்றைச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். அமெரிக்க நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரில் வில்லியம் வூட்டன் என்பவர் 1874ஆம் ஆண்டில் ஒரு மேசைக்குக் காப்புரிமை பெற்றார். அலமாரிபோல் இரண்டு கதவுகளை விரித்துத் திறந்தால், உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட சிறு அறைகள் இருக்கும். அக்காலத்துச் செல்வர்கள் அதனைப் பெருமையுடன் வாங்கினர். அந்நாளில் கடிதங்களை நீளவாக்கில் மடித்து, முதுகில் குறிப்பெழுதி, புறாக்கூடு போன்ற சிறு அறைகளில் செருகி வைப்பது வழக்கம். பிறகு தட்டச்சுப் பொறி வந்தது. அலுவலகங்களில் தாள்கள் பெருகின. ஒவ்வொரு தாளையும் மடித்துச் செருகவும், எடுத்துப் பிரித்துப் பார்க்கவும் யாருக்கு நேரம் உண்டு? தாள்களை மடிக்காமல் கோப்புகளில் இட்டு, இழுப்பறைக்குள் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் முறை பரவியதும், அந்த நூறு அறை மேசை மறைந்து போயிற்று. அறைகள் பெருகினால் ஒழுங்கு பெருகிவிடாது என்பதும், வேலையின் இயல்புக்கு ஏற்றவாறு கலம் அமைய வேண்டும் என்பதும் இதனால் நமக்கு விளங்கும் பாடங்கள்.

அப்படியானால் நல்ல கலம் எது? அதனை நான் கண்டது எங்கள் வீட்டுச் சமையலறையில். ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. என் தாயார் அடுப்பின்மேல் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்துவிட்டது, விளக்கேற்றும் வரையில் காத்திருக்க முடியாது. அவர் சற்றும் தயங்காமல் பக்கத்திலிருந்த அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அந்த இருளிலேயே கடுகை எடுத்தார், சீரகத்தை எடுத்தார், வெந்தயத்தை எடுத்தார். கை தவறவில்லை. "எப்படி அம்மா?" என்று கேட்டேன். "கடுகு இருக்கிற இடத்தில்தானே கடுகு இருக்கும்!" என்றார். இருபத்து நான்கு அறைப் பெட்டி எனக்குக் கற்பிக்காததை அந்த ஒரு வாக்கியம் கற்பித்தது.

அஞ்சறைப் பெட்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெயருக்கு ஏற்ப ஐந்து அறைகள். இக்காலத்து வட்டமான எவர்சில்வர் பெட்டியில் ஏழு கிண்ணங்கள் இருப்பதும் உண்டு. வீட்டில் உள்ள மளிகைச் சாமான்கள் ஐம்பது வகையாக இருந்தாலும், அடுப்படியில் அன்றாடம் கைக்கு வேண்டிய சிலவற்றிற்கே இப்பெட்டியில் இடம். இது முதல் இலக்கணம். மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஒன்றை எடுக்க மற்றொன்றை நகர்த்த வேண்டியதில்லை. இது இரண்டாம் இலக்கணம். பெட்டியில் இருப்பது சிறிதளவே, மிகுதி பெரிய டப்பாவில் அலமாரியில் இருக்கும், குறையும்போது நிரப்பிக்கொள்ளலாம். இது மூன்றாம் இலக்கணம். ஒவ்வொன்றின் இடமும் என்றும் மாறாது. இது நான்காம் இலக்கணம். மேசைக்கு வாங்கும் எந்தக் கலத்தையும் இந்த நான்கு இலக்கணங்களைக் கொண்டு உரைத்துப் பார்த்துவிடலாம்.

இனி, செய்யும் முறைக்கு வருவோம். கலத்தை வாங்கிய பிறகு அதற்குள் எதை வைப்பது என்று எண்ணுவது, சட்டையைத் தைத்த பிறகு உடம்பை அளப்பது போன்றது. ஆகவே முதலில் மேசையை முழுவதும் காலி செய்யுங்கள். மேலே இருப்பது, இழுப்பறைக்குள் இருப்பது எல்லாவற்றையும் தரையில் ஒரு துணி விரித்துப் பரப்புங்கள். பிறகு அவற்றை நான்கு குவியல்களாகப் பிரியுங்கள். நாள்தோறும் தொடுபவை ஒரு குவியல். வாரத்தில் ஓரிரு முறை வேண்டியவை இரண்டாவது. எப்போதோ வேண்டியவை, ஆனால் காக்க வேண்டியவை மூன்றாவது. எழுதாத பேனா, உடைந்த அடிக்கோல், சென்ற ஆண்டின் கால அட்டவணை முதலிய பயனற்றவை நான்காவது. நான்காவதை அன்றே அப்புறப்படுத்துங்கள். மூன்றாவது அலமாரிக்குப் போகட்டும். இரண்டாவதற்கு இழுப்பறை. முதற்குவியலுக்கு மட்டுமே மேசைமேல் இடம். இப்படிப் பிரித்துப் பார்த்தால், மேசைமேல் இருக்கத் தக்கவை எவ்வளவு சிலவென்று நீங்களே வியப்பீர்கள்.

எஞ்சிய பொருள்களை இப்போது அளந்து பாருங்கள். மேசையையும் அளந்துகொள்ளுங்கள். இன்று நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. தாளை விரலால் எளிதில் எடுக்க, தட்டு அதைவிட இரண்டொரு சென்டிமீட்டர் பெரிதாக இருத்தல் வேண்டும். சில பழைய ஆவணங்களுக்கு வழங்கிய லீகல் தாளோ ஏறக்குறைய 356 மில்லிமீட்டர் நீளம் உடையது; ஏ4 தட்டில் அதனை இட்டால் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு மடிந்துபோகும். பேனாக் கூட்டின் உயரம் பத்துச் சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். பேனாவும் பென்சிலும் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிந்து கைக்கு எளிதில் அகப்படும். இதைவிட ஆழமான கூட்டில் தேய்ந்த பென்சில் அடியில் மறைந்துவிடும். ரப்பர், பென்சில் சீவி, கிளிப்பு, குண்டூசி இவற்றைக் கூட்டுக்குள் போடலாகாது. அவற்றிற்கு விளிம்பு தாழ்ந்த சிறு கிண்ணமே ஏற்றது.

கூடு ஒன்று, சிறு கிண்ணம் ஒன்று, தாள் தட்டு இரண்டு, புத்தகங்களைச் சாயாமல் நிறுத்தத் தாங்கி ஒன்று. ஒரு மாணவனுக்கு இவை போதும். இவை ஐந்தே, அஞ்சறைப் பெட்டியின் கணக்குக்குச் சரியாக இருக்கிறதல்லவா?

இவற்றைக் கடையில் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தகரப் பால்மாவு டப்பா ஒன்றின் விளிம்பைக் கை கிழிக்காதவாறு மடக்கித் தட்டி, அடியில் இரண்டு விரல் உயரத்திற்குக் கூழாங்கற்களை இட்டு, மேலே ஓர் அட்டையை வட்டமாக வெட்டி அமர்த்தினால், சாயாத பேனாக் கூடு ஆயிற்று. சட்டை வந்த அட்டைப் பெட்டியின் இரண்டு பாதிகளும் இரண்டு தாள் தட்டுகள் ஆகும். தென் மாவட்டங்களில் பனையோலையால் முடையும் சிறு பெட்டிகள் கிண்ணமாக உதவும். அவற்றை வாங்குவதால் முடைபவர் கைக்கும் சிறிது காசு சேரும். கடையில் வாங்குவதானால், பளபளப்பைப் பார்க்காதீர்கள். அடிப்பகுதி கனமாக இருக்கிறதா, கூர்மையான விளிம்பு இருக்கிறதா, தூசியைத் துடைக்க விரல் உள்ளே செல்லுமா என்று பாருங்கள். மரத்தாலும் அட்டையாலும் ஆனவற்றை ஈரச் சுவரையொட்டி வைக்காதீர்கள். கரையானுக்கு அழைப்பு விடுத்ததாகும்.

அடுத்து, எதை எங்கே வைப்பது? இதற்குப் பழைய அச்சுக்கூடங்களில் ஒரு நல்ல பாடம் உண்டு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், அச்சுக்கோப்பவரின் முன்னே பல சிறு அறைகள் கொண்ட மரத்தட்டுகள் இருக்கும். ஆங்கில எழுத்துத் தட்டில் எல்லா அறைகளும் ஒரே அளவாக இருப்பதில்லை. மிகுதியாக வரும் 'ஈ' என்னும் எழுத்துக்கு மிகப் பெரிய அறை. அதுவும் கைக்கு அருகில். அரிதாக வரும் எழுத்துகளுக்குச் சிறிய அறைகள், அவை ஓரத்தில். தலைப்பெழுத்துகளின் தட்டு மேலேயும் சிறிய எழுத்துகளின் தட்டு கீழேயும் இருந்தமையால்தான், இன்றும் கணிப்பொறியில் அவற்றை 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்று வழங்குகிறோம். தேர்ந்த அச்சுக்கோப்பவரின் கண் கையெழுத்துப் படியில் இருக்கும். கை தானாகவே எழுத்தை எடுத்துக்கொண்டு வரும். இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: அடிக்கடி எடுப்பது அருகில் இருக்க வேண்டும்; அரிதாக எடுப்பது அகன்று இருக்க வேண்டும்.

வலக்கையால் எழுதுபவர் பேனாக் கூட்டை வலப்புறத்தில், முழங்கையை நீட்டாமல் எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். விளக்கு இடப்புறத்தில் இருந்தால் எழுதும் கையின் நிழல் தாள்மேல் விழாது. இடக்கையால் எழுதும் பிள்ளைகளுக்கு இவை இரண்டும் இடம் மாற வேண்டும். கண்ணுக்கு நேரே, மார்புக்கு முன்னே இருக்கும் இடம் எழுதுவதற்கு உரியது. அந்த இடத்தில் எக்கலத்தையும் வைக்காதீர்கள். மேசை என்பது பொருள்களை வைக்கும் பலகை அன்று. அது வேலை செய்வதற்குரிய களம். நெல் அடிக்க வேண்டிய களத்தில் வைக்கோற்போரை அடுக்கலாமோ?

தாள்களைப் பற்றித் தனியே ஒரு சொல். பேனா தொலைந்தால் வேறு பேனா வாங்கலாம். தாள் தொலைந்தால் சில வேளைகளில் அதற்கு ஈடில்லை. தாளுக்குப் பகை குவியல். குவியலில் மேலே உள்ள தாள்தான் தெரியும். கீழே உள்ளது, இருந்தும் இல்லாததுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிடும். ஆகவே இரண்டு தட்டுகளில் ஒன்றில் 'செய்ய வேண்டியவை' என்றும், மற்றொன்றில் 'முடிந்தவை' என்றும் எழுதி ஒட்டுங்கள். 'பிற' என்று ஒரு தட்டு வைக்கவே வைக்காதீர்கள். எல்லாத் தாள்களும் அங்கேதான் போய்ச் சேரும். நாள் குறிப்பிட்ட தாள் எதுவாயினும், விண்ணப்பமோ, கட்டணச் சீட்டோ, அதன் மேல்மூலையில் கடைசி நாளைப் பென்சிலால் பெரிதாக எழுதி, செய்ய வேண்டியவற்றின் மேலே வையுங்கள். அந்தத் தட்டின்மேல் வேறு எதையும் வைக்கக் கூடாது. முடிந்தவற்றை வாரம் ஒரு முறை பாடவாரியாகக் கோப்புகளில் சேர்த்து, முதுகில் பெயரெழுதி, புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். நிற்கும் கோப்பை அதன் பெயரைப் படித்தே எடுக்கலாம்.

பெயரெழுதி வகைப்படுத்தும் இந்தக் கலையில் நம் நாட்டார் ஒருவர் உலகுக்கே வழிகாட்டியதை நீங்கள் அறிதல் வேண்டும். 1892ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வகுத்தளித்தார். அந்த ஐந்து விதிகளுள் ஒன்றின் கருத்து, படிக்க வருபவரின் காலம் வீணாகலாகாது என்பது. ஆயிரக்கணக்கான நூல்களுக்கு அவர் செய்ததை, நம் மேசையில் உள்ள பத்து நூல்களுக்கும் பதினைந்து கோப்புகளுக்கும் நாம் செய்துகொள்ள முடியாதா?

இக்காலத்து மேசையில் நான் படித்த காலத்தில் இல்லாத விருந்தாளிகள் சிலர் வந்திருக்கின்றனர். கைப்பேசி, அதற்கு மின்னேற்றும் கம்பி, காதில் மாட்டும் கருவி, சிலருக்கு மடிக்கணினி. கம்பிகளைச் சுருட்டி ஒரு ரப்பர் வளையம் மாட்டி இழுப்பறையில் வையுங்கள். கைப்பேசிக்கும் ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள்; அது வேறு அறையில் இருந்தால் மிகவும் நன்று. கணினிக்குள்ளும் ஒரு மேசை உண்டு. அதன் திரை முழுவதும் பெயரில்லாத கோப்புகளைப் பரப்பி வைத்திருப்போர் பலர். குவியல் கண்ணாடிக்குள் இருந்தாலும் குவியல்தான்.

'எங்கள் வீட்டில் மேசையே இல்லையே, ஐயா' என்று எண்ணும் பிள்ளைகளும் இப்பேச்சைக் கேட்கக்கூடும். உங்களுக்காகவே இதனைச் சொல்லுகிறேன். ஒரே அறையில் நால்வர் வாழும் வீட்டில் படித்து முன்னேறிய மாணவர் பலரை நான் அறிவேன். முற்காலத்துக் கணக்கர்கள் தரையில் அமர்ந்து, சாய்வான மூடியுள்ள சிறு மேசைப் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு பெரிய வணிகங்களுக்கெல்லாம் கணக்கெழுதினர். எழுதுவதும் அதன்மேலேதான், எழுதுபொருள்கள் இருப்பதும் அதற்குள்ளேதான். உங்களிடம் ஒரு பழைய தகரப் பெட்டியோ கெட்டியான அட்டைப் பெட்டியோ இருந்தால் போதும். பேனாவும் கருவிப் பெட்டியும் ஒரு பக்கம், குறிப்பேடுகள் ஒரு பக்கம், செய்ய வேண்டிய தாள்கள் மேலே ஓர் உறையில் என்று வகுத்துக்கொள்ளுங்கள். திறந்தால் மேசை, மூடினால் பெட்டி. தம்பி தங்கையர் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிடலாம். ஒழுங்கு மரத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

ஒருநாள் அடுக்கிய மேசை மறுவாரமே பழைய நிலைக்குத் திரும்புவது ஏன்? அடுக்குவதை ஒரு திருவிழாவாகச் செய்கிறோம். அன்றாடக் கடமையாகச் செய்வதில்லை. ஜப்பானியத் தொழிற்கூடங்களில் பணியிட ஒழுங்குக்கு ஐந்து படிகள் சொல்லுவர். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்பன அவற்றின் பெயர்கள். வேண்டாததை விலக்குதல், வேண்டியதற்கு இடம் வகுத்தல், துடைத்துத் தூய்மை செய்தல், இம்மூன்றையும் ஒரு முறையாக்குதல், அம்முறையை விடாமல் பழக்கமாக்குதல் என்று அவற்றிற்குப் பொருள் கொள்ளலாம். முதல் மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யாரும் செய்துவிடலாம். கடினமானது கடைசிப் படிதான். அதற்கு நான் கண்ட வழி எளியது. படித்து முடித்து எழுவதற்கு முன்னர் ஐந்து நிமிடம், எடுத்தவற்றை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுங்கள். நாளை காலையில் வந்து அமரப்போகும் உங்களுக்கு, இன்றிரவு நீங்களே செய்யும் விருந்தோம்பல் அது.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். கடினமான பாடத்தைக் கண்டு அஞ்சி, அதைத் தள்ளிப்போடுவதற்காக மேசையை ஒரு மணி நேரம் அடுக்கிக்கொண்டிருக்கும் மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது ஒழுங்கு அன்று; ஒளிந்துகொள்ளுதல். வேலை நடக்கும்போது நான்கு நூல்கள் திறந்து கிடப்பதும், தாள்கள் பரவிக் கிடப்பதும் குற்றமே அல்ல. சமைக்கும்போது அடுப்படி சிதறத்தான் செய்யும். சமைத்து முடித்த பிறகு அது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. அதுபோலவே, அண்ணனோ தோழியோ தம் மேசையை வேறு விதமாக வைத்திருந்தால் அதை எள்ள வேண்டா. தேடியதை அவர்கள் உடனே எடுத்துவிடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இருபத்து நான்கு அறைப் பெட்டியை நான் பிறகு பள்ளி நூலகத்திற்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அட்டைகளை வகைப்படுத்தி வைக்க அது மிகவும் பயன்பட்டது. உரிய இடத்தில் அதுவும் நல்ல கலமே. என் மேசைமேல் ஒரு கூடு, ஒரு கிண்ணம், இரண்டு தட்டுகள், ஒரு புத்தகத் தாங்கி மட்டும் இருந்தன. தலைமையாசிரியன் ஆன பின்னும் அவ்வளவே. ஒரு பிள்ளை விண்ணப்பத்தோடு வந்தால், அதன் மூலையில் கடைசி நாளை எழுதி, அவன் கண்ணெதிரிலேயே 'செய்ய வேண்டியவை' தட்டின் மேலே வைப்பேன். அனுப்பிய அன்றே அவனை அழைத்துச் சொல்லிவிடுவேன். ஓய்வு பெறும் நாள்வரையில் இந்த வழக்கத்தை நான் விடவில்லை.

மாணவச் செல்வங்களே! இன்று உங்கள் மேசைமேல் இருப்பவை உங்களுடைய பொருள்கள் மட்டுமே. தொலைந்தால் இழப்பும் உங்களோடு போகும். நாளை நீங்கள் மருத்துவராவீர்கள், அலுவலராவீர்கள், ஆசிரியராவீர்கள், கடை நடத்துவீர்கள். அப்போது உங்கள் மேசைமேல் இருப்பவை பிறருடைய தாள்கள். ஒருவருடைய இரண்டு நாள் கூலி, ஒருவருடைய நோயின் அறிக்கை, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பு அந்தத் தாளில் இருக்கும். "வைத்துவிட்டுப் போங்கள்" என்று நீங்கள் சொன்னால், அவர்கள் மனக்கவலை இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு உரியவராக இன்றே பழகிக்கொள்ளுங்கள். இன்றிரவு படித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், பேனாவிலிருந்து தொடங்குங்கள். கடுகு இருக்கும் இடத்தில் கடுகு இருக்கட்டும்.